காளான்மேல் வளரும் பூஞ்சைகள்: தோப்பிலும் குடிலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர், புதுவைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளிலும் முந்திரிக் காடுகளிலும் காளான் முளைக்கும். அந்தக் காளான்மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ இன்னொன்று படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பவை இவை. காளான் குடில் போட்டிருப்பவர்களின் கேள்விகளும் மல்லாட்டை (நிலக்கடலை), உளுந்து பயிரிடுபவர்களின் கேள்விகளும் கலந்துதான் இருக்கும். மூன்று இடத்திலும் நடப்பது ஒரே சங்கதி.

பூஞ்சைமேல் பூஞ்சை வளருமா? அதனால் அதற்கு என்ன லாபம்?

தாராளமாக வளரும். பூஞ்சைக்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. பட்ட மரம், உயிருள்ள இலை, செத்த பூச்சி என்று எதையாவது தின்றுதான் பிழைக்க வேண்டும். இன்னொரு பூஞ்சையின் உடம்பும் அதற்குத் தீனிதான். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டினும் குளுக்கானும் இருக்கின்றன. அவற்றைக் கரைக்கும் நொதிகள் வைத்திருக்கும் பூஞ்சை, அடுத்ததன்மேல் ஏறிவிடும்.

இதில் இரண்டு வகை. ஒன்று, கொன்று தின்பது. ட்ரைக்கோடெர்மா இந்த வகை. நூல் போன்ற தன் உடல் இழையை இரையின் இழைமேல் சுருளாகச் சுற்றி, சுவரை ஓட்டையிட்டு உள்ளே போகும். 1932-இல் ரிச்சர்ட் வைண்ட்லிங் இதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். இன்று கடையில் விற்கும் ட்ரைக்கோடெர்மா பொடிக்கு மூலம் அந்தக் கண்டுபிடிப்புதான். மற்றது, இரையை உயிரோடு வைத்துக்கொண்டு சிறு உறிஞ்சிகளால் சத்தை எடுப்பது. ஜெல்லிக் காளான்களில் ட்ரெமெல்லா இனங்கள் அப்படி.

எந்த மாதம், எங்கே பார்த்தால் கிடைக்கும்?

இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டுகிறது. காளான் முளைக்க இரண்டு மூன்று நாள் தொடர் மழை போதும். அதன்மேல் ஏறும் பூஞ்சைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஆகவே நல்ல மழை விட்டு ஐந்து முதல் பத்து நாள் கழித்துப் போங்கள். மழை பெய்த மறுநாளே போனால் புதுக்காளான்தான் இருக்கும், ஏறியது எதுவும் இருக்காது. வெயில் அடித்து இரண்டு வாரம் ஆகிவிட்டால் எல்லாம் காய்ந்து சருகாகியிருக்கும்.

தேட வேண்டிய இடம்: வெட்டிப்போட்ட சவுக்குக் கட்டையின் அடிப்பக்கம், முந்திரி மரத்தடிச் சருகு மெத்தை, கோயில்காடுகளின் உள்நிழல். திருமாணிக்குழி, புத்துப்பட்டு போன்ற கோயில்காடுகளில் பழைய உலர் பசுமைக்காட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன; அடியில் ஈரம் நெடுநாள் தங்கும். சவுக்குத் தோப்பில் காற்று ஊடுருவுவதால் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே கட்டையைப் புரட்டிப் பார்க்காமல் ஒன்றும் தெரியாது. புரட்டும்போது கட்டையின் எதிர்ப்பக்கத்தை உங்களை நோக்கி உயர்த்துங்கள். அடியில் விரியனோ தேளோ இருந்தால் எதிர்ப்பக்கமாக வெளியேறும்.

பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மேலே இருப்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கீழே இருப்பது எது என்று பாருங்கள். இந்தப் பூஞ்சைகளில் பல, ஒரு குறிப்பிட்ட இனத்தையோ அதன் சொந்தக்காரர்களையோதான் பிடிக்கும். கீழே இருப்பது தெரிந்தால் மேலே இருப்பதில் பாதி தெரிந்த மாதிரி. மேலே உள்ள வெள்ளைப் பஞ்சை மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பினால் யாராலும் பெயர் சொல்ல முடியாது.

குறித்துக்கொள்ள வேண்டியவை: குடையின் அடியில் செதில்களா (விசிறி மடிப்பு போன்ற தகடுகள்), துளைகளா, இரண்டும் இல்லாத மழமழப்பா, எந்த மரம், உயிருள்ளதா பட்டதா, படர்ந்திருப்பது குடையிலா, தண்டிலா, செதில்களிலா, பக்கத்தில் அதே இனக் காளான் இருந்தால் அதன்மேலும் உண்டா. 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் காளானை அதன் அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைத் தள்ளிப் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும்.

அழுகிய காளானில் பூசணம் பூப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. காளான் செத்த பிறகு அதில் எந்தப் பூசணமும் வரும், நேற்றைய சோற்றில் வருவது மாதிரி. ஒட்டுண்ணி என்றால் உயிரோடு இருக்கும்போதே பிடித்திருக்க வேண்டும். மூன்று அடையாளம் உதவும். காளான் இன்னும் விறைப்பாக, நாற்றமில்லாமல் இருக்கும்போதே படர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். குடை விரியாமல் கோணலாகவோ செதில்கள் உருவாகாமலோ நின்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். அதே இடத்தில் ஒரே இனத்தின் பல காளான்களில் ஒரே நிறப் படர்வு இருந்து, ஒட்டி முளைத்த வேறு இனம் சுத்தமாக இருந்தால் ஏறக்குறைய உறுதி.

ஒட்டுண்ணி என்று தவறாக நினைக்கப்படுபவை எவை?

இதுதான் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி. வரும் படங்களில் நிறைய இந்தப் பட்டியலில்தான் அடங்கிவிடும்.

தென்னை, சவுக்கு அடியில் தட்டுத் தட்டாக வரும் கனோடெர்மாவின் மேற்பக்கம் காப்பிப்பொடி நிறத்தில் தூசு படிந்திருக்கும். விரலில் ஒட்டும். அது அதன் சொந்த வித்துத்தூள். அடிப்பக்கத் துளைகளிலிருந்து கொட்டுவது காற்றோட்டத்தில் மேலே ஏறிப் படிகிறது. பக்கத்துப் புல்லிலும் மரப்பட்டையிலும் அதே நிறம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

புல்வெளியிலும் மைதானத்திலும் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடையின் செதில்கள் முதிர்ந்ததும் பச்சையாகும். பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது, கழுவினால் போய்விடும் என்று நினைத்துச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ் என்ற நச்சுக்காளான். பச்சை அதன் வித்தின் நிறம். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் பிடிக்கும்.

கட்டைமேலும் காளான்மேலும் மஞ்சள் வலையாக நகர்ந்து பரவுவது பெரும்பாலும் சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அது அமீபா வகையோடு சேர்ந்தது. காளானை அது தின்னும் என்பது உண்மை. காலையில் இருந்த இடத்தில் மாலையில் இல்லை என்றால் அதுவேதான்.

கட்டையில் ஆரஞ்சு நிறத்தில் சிறு கரண்டிகளாக வருவது டாக்ரியோபினாக்ஸ், பழுப்புக் காது மடலாக வருவது ஆரிக்குலேரியா. இரண்டும் மரத்தைத் தின்பவை.

கைவிடப்பட்ட கறையான் புற்றிலிருந்து கறுப்புக் குச்சிகள் நிமிர்ந்து வந்தால் அது சைலேரியா. கறையான் உள்ளே வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் அது காத்துக் கிடக்கும். கறையான் இருக்கும்வரை அடக்கி வைக்கும், போனதும் தோட்டம் முழுக்க அதன் கைக்கு வந்துவிடும். ஒட்டுண்ணி என்பதைவிடப் பங்காளிச் சண்டை என்று சொல்வது பொருந்தும்.

கறுப்பாகப் பொருக்கு தட்டிய கட்டையில் வெள்ளை ஜெல்லிப் பூ இருக்கிறது. அது என்ன?

ட்ரெமெல்லா ஃபூசிஃபார்மிஸ் ஆக இருக்க வாய்ப்பு உண்டு. வெப்பமண்டலங்களில் பரவலானது. பார்ப்பதற்கு மரத்தைத் தின்பது போலத் தோன்றும், ஆனால் தனியாக மரத்தைச் செரிக்கும் வலு அதற்குக் கிடையாது. பக்கத்திலுள்ள கறுப்புப் பொருக்கு ஹைப்பாக்சிலான் குடும்பத்துப் பூஞ்சை. மரத்தைச் செரிப்பது அது, அதனிடமிருந்து எடுப்பது ஜெல்லி. சீனாவில் இந்த ஜெல்லியைச் சாப்பாட்டுக்காக வளர்ப்பவர்கள் மரத்தூள் பையில் இரண்டு பூஞ்சைகளின் வித்தையும் சேர்த்தே போடுகிறார்கள். வெயிலில் ஜெல்லி சுருங்கி மெல்லிய தகடாகிவிடும். சந்தேகமாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள், பழையபடி உப்பும்.

இலைமேலும் இந்தச் சண்டை நடக்குமா?

குடைக்காளானைவிட இலையில்தான் இது அதிகம். கோயில்காட்டுச் செடிகளின் தடித்த இலைகளில் கரிப்புள்ளிகள் வட்டமாக ஒட்டியிருக்கும். கரும்பூசணம் எனப்படும் மெலியோலா வகை. லென்ஸில் பார்த்தால் சில புள்ளிகள் பளிச்சென்ற கறுப்பாகவும், சில சாம்பலோ பழுப்போ கலந்து மங்கியும் இருக்கும். மங்கியவற்றில் ஸ்பைரோப்பஸ் போன்ற ஒட்டுண்ணி ஏறியிருக்கக்கூடும். அழுக்குப் பூச்சிகளின் இனிப்புக் கழிவில் படியும் கரியைத் துணியால் துடைத்தால் வந்துவிடும்; மெலியோலா வராது.

வீட்டுக்கு எடுத்து வந்து பார்ப்பது எப்படி?

பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். வியர்த்து, சீக்கிரமே எல்லாம் கூழாகும். செய்தித்தாளில் தனித்தனியாக மடித்து, நசுங்காத டப்பாவில் வையுங்கள். காளானைத் தண்டோடு, அடிமண்ணோடு எடுக்க வேண்டும்.

வீட்டில் மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈர டிஷ்யூ விரித்து, மேலே இரண்டு குச்சி வைத்து, குச்சிமேல் மாதிரியை வையுங்கள். ஈரத்தில் நேராகப் படக்கூடாது. நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் வித்து பிடிக்கும். தினம் ஒருமுறை திறந்து மூடுங்கள். நான்கு நாளுக்குமேல் விட்டால் வீட்டுப் பூசணமெல்லாம் ஏறி, எது காட்டிலிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

நுண்ணோக்கி இருப்பவர்கள் தெளிவான செலோடேப்பை மெல்ல ஒட்டி எடுத்து, ஒரு துளி லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தின்மேல் வைத்து 400 மடங்கில் பார்க்கலாம். அழுத்தி ஒட்டினால் வித்துக்கள் சிதறிவிடும். எந்தக் காம்பில் எப்படி அமர்ந்திருந்தன என்பதுதான் முக்கியம்.

இப்படிப் பிடித்த காளானைச் சாப்பிடலாமா?

கூடாது. வட அமெரிக்காவில் ஹைப்போமைசஸ் லாக்டிஃபுளோரம் பிடித்துச் செம்மஞ்சள் நிறமான காளானைச் சந்தையில் விற்கிறார்கள் என்பது உண்மைதான். அங்கே கீழே இருக்கும் காளான் எது என்று தெரிந்து எடுக்கிறார்கள். இங்கே மேலே மூடியிருப்பதால் கீழே இருப்பதன் அடையாளமே மறைந்துவிடுகிறது. வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, மஞ்சள் போட்டு வேகவைப்பது எல்லாம் நச்சைக் காட்டாது.

சிப்பிக்காளான் படுக்கையில் (வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பையில்) பச்சை படர்கிறது. என்ன செய்வது?

ட்ரைக்கோடெர்மாதான். முதலில் வெள்ளையாக, சிப்பியின் இழையைப் போலவே வரும். இரண்டு மூன்று நாளில் பச்சையாகும். பச்சை தெரிந்தால் வித்து பறக்கத் தயார் என்று பொருள்.

எப்போது வந்தது என்பதிலேயே காரணம் இருக்கிறது. படுக்கை போட்ட முதல் வாரத்திலேயே பல பைகளில் வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது வைக்கோலில் விதைத்த காளான் வித்துப் புட்டியே கெட்டது. பையின் அடிப்பகுதியில் மட்டும் வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வித்து வைத்த இடங்களைச் சுற்றி மட்டும் வந்தால் வித்தைச் சந்தேகியுங்கள். முதல் அறுவடைக்குப் பிறகு வந்தால், பறித்த இடத்தில் தண்டின் அடிக்கட்டை விடப்பட்டு அழுகியிருக்கும்.

வைக்கோலை 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு 80 டிகிரிக்குக் குறையாத சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். கொதி வந்ததும் இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. டிரம்மின் நடுவிலுள்ள வைக்கோல் அப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மருந்து முறையில் 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பென்டாசிம் பூஞ்சாணக்கொல்லியும் 125 மில்லி ஃபார்மலினும் கலந்து, மூடி போட்டு 16 முதல் 18 மணி நேரம் ஊறவைப்பார்கள். எங்கள் யோசனை வெந்நீர் முறைதான். ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் பதம் பார்க்கும். கார்பென்டாசிமுக்கு அசராத ட்ரைக்கோடெர்மாவும் உண்டு.

ஈரப்பதம் 65 சதவீதம் போதும். ஒரு பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் உலர்த்த இரட்டிப்பு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பையில் திணித்தால் அடியில் தண்ணீர் இறங்கும்.

பச்சை பிடித்த பையைக் குடிலுக்குள் பிரிக்காதீர்கள். இன்னொரு பெரிய பையை மேலிருந்து மாட்டிக் கட்டி, அன்றைய வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வெளியே எடுங்கள். ஒரு ரூபாய்க் காசு அகல ஒரே புள்ளி என்றால் தனி அறையில் வைத்து ஒரு அறுவடை பார்க்கலாம். பையில் கால்வாசி பச்சை என்றால் ஆசைப்பட வேண்டாம். பச்சைமேல் தண்ணீர் தெளித்தால் வித்து குடில் முழுக்கத் தெறிக்கும். செந்நிறத்தில் மிளகாய்த்தூள் தூவியது போல் நகரும் சிறு பேன்கள் தெரிந்தால் அவை ட்ரைக்கோடெர்மாவைத் தின்ன வந்தவை. போகிற போக்கில் வித்தையும் சுமந்து போகும்.

பால்காளானில் ஒட்டடை போல வெள்ளை வலை மூடுகிறது.

கிளாடோபோட்ரியம். படுக்கைமேல் பரப்பும் மேல்மண்ணில் தொடங்கி, மொட்டை மூடி, பிறகு இளஞ்சிவப்பாகும். மேல்மண்ணை ஆவியில் ஒரு மணி நேரம் வேகவைக்காமல் போட்ட இடத்தில் அதிகம். வலைமேல் முதலில் நனைத்த டிஷ்யூவை மெல்லப் போர்த்துங்கள், அதன்பின் சுற்றிலும் விரற்கடை அகலம் விட்டு மண்ணோடு அள்ளுங்கள். போர்த்தாமல் அள்ளினால் கைபட்ட அசைவிலேயே வித்து பறந்துவிடும். அள்ளிய பள்ளத்தில் கல்லுப்பு போடலாம். அன்று அந்த வரிசைக்குத் தண்ணீரும் மின்விசிறியும் வேண்டாம்.

வயலுக்கு வாங்கும் ட்ரைக்கோடெர்மாவும் இதுவும் ஒன்றேதானா?

ஒரே பேரினம். சிப்பியைப் பிடிப்பதில் ட்ரைக்கோடெர்மா ப்ளூரோட்டி போன்ற தனி இனங்கள் முன்னால் நிற்கும்; பொடியில் இருப்பது பெரும்பாலும் விரிடி அல்லது ஹார்சியானம். ஆனாலும் காளான் குடிலுக்கு எந்த ட்ரைக்கோடெர்மாவும் விருந்தாளி ஆகாது. பொடிப் பொட்டலத்தைக் குடிலிலோ வைக்கோல் கொட்டகையிலோ வைக்காதீர்கள். விதை நேர்த்தி செய்த அதே உடுப்போடு குடிலுக்குள் போகாதீர்கள். கழித்த படுக்கையைக் குடிலை ஒட்டிக் குவிக்காதீர்கள். தள்ளிக் கொண்டுபோய் மக்கவைத்தால் வயலுக்கு நல்ல எரு.

மல்லாட்டைக்கு எவ்வளவு, எப்படிப் போடுவது?

விதைக்கு: கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி. முதலில் இதைக் கலந்து, பிறகு ரைசோபியம் (வேர் முடிச்சுப் பாக்டீரியா). பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் இதைப் போடுவது காசைக் கொட்டுவது. கார்பென்டாசிம் பொடியிலுள்ள ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்தே கொல்லும். இரண்டில் ஒன்று.

மண்ணுக்கு: ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடி, 50 கிலோ மக்கிய தொழுவுரம். ஏக்கருக்கு 1 கிலோவும் 20 கிலோவும் என்று வைத்துக்கொள்ளலாம். நிழலில் கலந்து, பிசுபிசுக்கும் அளவு தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் வைத்தால் பெருகும். மக்காத சாணத்தில் கலந்தால் சூடேறி வீணாகும். காய்ந்த மண்ணில் தூவாதீர்கள்; பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் பத்து மணி வெயிலுக்கே சுடும், மழைக்கோ பாசனத்துக்கோ பிறகு போடுங்கள்.

இது எதைப் பிடிக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்டழுகல் கண்ட செடியின் அடியில் வெள்ளை இழையும், கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் இருக்கும். அவை ஸ்கிளீரோஷியம் ரோல்ஃப்சியின் உறங்கும் உருண்டைகள். ட்ரைக்கோடெர்மா அவற்றுக்குள் புகுந்து தின்றுவிடும். நசுக்கினால் உள்ளே பொக்காக இருக்கும். நோய் வந்து சாய்ந்த செடியை இது நிமிர்த்தாது. அடுத்த செடிக்குப் போவதைத்தான் குறைக்கும்.

பொட்டலத்தில் தயாரித்த தேதி பாருங்கள். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்தலகுகள் இருக்க வேண்டும் என்பது விதி. தகரக் கொட்டகையில் ஒரு கோடை கிடந்த பொட்டலத்தில் அவ்வளவு மிஞ்சாது. குரும்பாப்பட்டு, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையங்களில் புதிய பொடி எப்போது வரும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

மல்லாட்டை இலையடியில் கரும்புள்ளிமேல் சாம்பல் நிற வெல்வெட் படர்ந்திருக்கிறது. புது நோயா?

நோய் பழையதுதான், பின்பருவ இலைப்புள்ளி. அதன்மேல் ஏறியிருப்பது ஹான்ஸ்ஃபோர்டியா பல்வினேட்டா. இலைப்புள்ளிப் பூஞ்சையைத் தின்கிறது. துரு நோயின் செம்மஞ்சள் கொப்புளங்களில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால் அங்கேயும் ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. இவற்றை நம்பி மருந்தை நிறுத்த முடியாது. இலைப்புள்ளி முற்றிய பிறகுதான் இவை பெருகும், அதற்குள் இலை உதிர்ந்துவிடும்.

நெல் தரிசு உளுந்தில் சாம்பல் நோய் தானாகவே அழுக்கு நிறமாகிறதே?

தை, மாசியில் பனி கனமாக விழும் வாரங்களில் ஆம்பெலோமைசஸ் இதைச் செய்யும். வெள்ளை மாவு மங்கி, லென்ஸில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். சாம்பல் பூஞ்சையின் இழைக்குள்ளேயே அது தன் வித்துப்பைகளைக் கட்டுகிறது. ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். பனி நின்று காற்று காய்ந்ததும் சாம்பல் நோய் மறுபடி மேலேறும்.

கோயில்காட்டில் மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். பூசாரியையோ ஊர்ப் பெரியவர்களையோ கேளுங்கள். பல காடுகளில் சுள்ளிகூட எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு, உள்ளே செருப்பும் கூடாது. காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி. பிச்சாவரம் சதுப்புநிலமும் அப்படியே. படம் மட்டும் என்றால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்தப் பூஞ்சைகள் மனிதரைப் பிடிக்குமா?

நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரைப் பிடிப்பது அரிது. வித்துத்தூள் ஆஸ்துமாவையும் தும்மலையும் கிளப்பும். குடிலில் பச்சைப் பையைத் தூக்கும்போதும் பொடி கலக்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்று மருந்தோ எடுப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.